‘இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்றால் எதை?

சேமிப்பக வலையமைப்பில் ஐபி இணைப்பு கெட்டுப்போனால் என்ன செய்வது என்று சொல்லும் தமிழ் வழிகாட்டிக் குறிப்புகள் சிலவற்றைப் படிவம் ஐந்து மாணவர்களுடன் வாசித்தோம். கருத்துணர்தலுக்கு நல்ல பனுவல்தான். ஆனால் மொழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கு. வழிமுறைக் கட்டுரை எழுதும் மாணவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அலுவலகத் தரவுகள் ஒரு சேமிப்புப் பெட்டியில் இருக்கும். சர்வர் அதைச் சாதாரண நெட்வொர்க் கேபிள் வழியாக, ஐஸ்கஸி என்ற நெறிமுறையில், தன் சொந்த டிஸ்க் போலப் பயன்படுத்தும். வழி தடைபட்டால் டிஸ்க் காணாமல் போகும், வேலை நின்றுவிடும்.

இந்தக் குறிப்புகளில் அடிக்கடி வரும் வரி, ‘இணைப்பைச் சரிபார்க்கவும்’. எந்த இணைப்பை? கேபிளைச் செருகியதும் சுவிட்சில் விளக்கு எரிவதும் இணைப்பு. ஒரு ஐபி முகவரியிலிருந்து இன்னொன்றை எட்டுவதும் இணைப்பு. 3260ஆம் போர்ட் வழியாகச் சர்வர் பெட்டிக்குள் நுழைவதும் இணைப்பாம்! ஆங்கிலக் குறிப்புகள் இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கின்றன. தமிழாக்கத்தில் எல்லாம் ஒன்றாகிவிட்டன.

இது சொல்லாராய்ச்சி மட்டும் அல்ல. விளக்கு எரியும், ஆனால் சப்நெட் மாஸ்க் தவறாக இருந்தாலோ, இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி இருந்தாலோ தொடர்பு கிடைக்காது. முகவரி எட்டும், ஆனால் ஃபயர்வால் 3260ஐத் தடுத்தால் உள்ளே நுழைய முடியாது. எது உடைந்தது என்று சொல்லாத வாக்கியம், பழுது பார்ப்பவரைத் தவறான இடத்தில் தேட வைக்கும்.

இரண்டாவது குறை, ‘பிங் செய்து பார்க்கவும்’ என்று சொல்லி நிறுத்திவிடுவது. பதில் வந்தால் என்ன பொருள்? “பிங் போகுது, அப்புறம் ஏன் டிஸ்க் தெரியல?” என்று ஒரு மாணவி கேட்டார். சரியான கேள்வி. இரு முனைகளிலும் எம்டியூ 9000, நடுவிலுள்ள சுவிட்சில் மட்டும் 1500 என்றால் சிறிய பிங் போய்விடும். பெரிய தரவு சிக்கிக்கொள்ளும். அதனால் 8972 பைட் அளவில், துண்டாக்காமல் அனுப்பிச் சோதிக்க வேண்டும். 9000இல் தலைப்புகளுக்கு 20, 8 கழித்தால் வரும் கணக்கு அது.

பாராட்டவும் ஒன்று உண்டு. கேபிள், முகவரி, போர்ட், உள்நுழைவு என்று கீழிருந்து மேலே போகும் வரிசை தெளிவாக இருக்கிறது. மாணவர்கள் தங்கள் கட்டுரையில் இந்த ஒழுங்கைப் பின்பற்றலாம்.

வாக்கியத்தை மட்டும் மாற்ற வேண்டும். ‘இணைப்பு சரிபார்க்கப்பட வேண்டும்’ என்ற செயப்பாட்டு வினை, செய்பவரையும் இடத்தையும் மறைக்கிறது. அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: ‘சர்வரிலிருந்து சேமிப்புப் பெட்டியின் முகவரிக்குப் பிங் அனுப்புங்கள். பதில் வந்தால் 3260ஆம் போர்ட்டைச் சோதியுங்கள். வராவிட்டால் சப்நெட் மாஸ்க்கைப் பாருங்கள்.’

‘வந்தால்’, ‘வராவிட்டால்’ என்ற நிபந்தனை எச்சங்கள்தாம் இங்கே வேலை செய்கின்றன. இலக்கணப் பாடத்தில் இவற்றை நடத்தும்போது இந்தப் பத்தியை எடுத்துக்காட்டாகக் கொடுத்துப் பாருங்கள். கேபிள் இணைப்பு, முகவரித் தொடர்பு, உள்நுழைவு என்று மூன்று சொற்களையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.