மொபெட்டில் அந்தக் காலி இடம் சும்மா இல்லை

'ஸ்போர்ட்டி மொபெட்' என்று யாராவது டிசைன் வரைந்து காட்டினால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கூர்மையான ஹெட்லைட், தூக்கின வால், முழங்காலுக்கு நடுவே டேங்க், நாலு ஸ்டிக்கர். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மொபெட் இல்லை, சின்ன சைஸ் பைக்.

இந்தப் பாதையில் ஏற்கெனவே போய்ப் பார்த்திருக்காங்க. பிரிட்டனில் 1971 கடைசியில் ஒரு விதி வந்தது: 16 வயசுக்காரர்கள் 50 சிசி மொபெட் மட்டும்தான் ஓட்டலாம். மொபெட் என்றால் பெடல் இருக்கணும். யமஹாவின் எஃப்எஸ்1-இ அந்த விதிக்குள் கச்சிதமாக நுழைந்தது. 49 சிசி டூ-ஸ்ட்ரோக், நான்கு கியர், பைக் மாதிரியே டேங்க். பெடல் பேருக்கு. பசங்க கொண்டாடினாங்க. 1977-ல் விதியை மாற்றி, புது மொபெட்டுகளின் வேகத்தை மணிக்கு 30 மைலோடு கட்டிப்போட்டார்கள். அழகான வண்டிதான், மறுக்கலை. ஆனா அரிசி மூட்டையை எங்கே வைப்பது?

நம்ம பக்கம் 1980-ல் வந்த டிவிஎஸ் 50 வேறு வழியில் யோசித்தது. இரண்டு பேர் உட்காரணும், சாமானும் போகணும். அதன் இன்றைய வாரிசு எக்ஸ்எல்100-ஐ எடுத்துக்குங்க. 99.7 சிசி, சுமார் 4.3 குதிரைத்திறன். கேட்டால் சிரிப்பு வரும். ஆனா இழுவிசை உச்சம் 6.5 நியூட்டன் மீட்டர், அது 3500 ஆர்பிஎம்-லேயே கிடைச்சிடுது. இருப்பது ஒரே கியர். அதை மூட்டையோடு மேட்டில் கிளம்புவதற்கு ஏற்ற மாதிரி வைத்தால் டாப் ஸ்பீடு குறையும். டாப் ஸ்பீடுக்கு ஏற்ற மாதிரி வைத்தால் மேட்டில் திணறும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இவங்க மேட்டை எடுத்தாங்க. அது சரியான முடிவு என்பது என் கருத்து. அந்த வண்டியை ஓட்டுபவருக்கு விறுவிறுப்பு என்றால் அந்த முதல் பத்தடிதான்.

அடுத்தது கால் வைக்கும் தட்டு. அங்கே வைக்கிற தண்ணீர் கேன் தாழ்வாக, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் நிற்கும். அதே கேனைப் பின்னால் கட்டினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் மிதக்கும். ஹெட்லைட் வெளிச்சமும் மேலே ஏறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஆக அந்தக் காலி இடம் பாதி சஸ்பென்ஷன் வேலையைப் பார்க்குது. டிசைனர்கள் முதலில் அடைக்கப் பார்ப்பதும் அதைத்தான்!

எக்ஸ்எல் மேலே எனக்குக் குறையே இல்லையா? இருக்கு. நான் பார்த்த மாடல்களில் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். தாங்கும் எடை 130 கிலோ என்று சொல்லப்படுகிற வண்டி அது. நிஜத்தில் அதற்கும் மேலே ஏற்றுகிறார்கள். வேகம் 40-லிருந்து 60 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்கு. அதனால் மொபெட்டை ஸ்போர்ட்டி ஆக்குகிறேன் என்று வருபவர் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இன்ஜின் இல்லை, பிரேக். முன்னால் ஒரு டிஸ்க், பிடிப்பான டயர், சுமைக்கு ஏற்ப இறுக்கித் தளர்த்தக்கூடிய பின் ஷாக் அப்சார்பர். இவ்வளவுதான் என் பட்டியல்.

விலை ஏறுமே என்பீர்கள். ஏறும். கீரை விற்பவருக்கு ஆயிரம் ரூபாய் பெரிய தொகை, அது தெரியும். ஆனா ஸ்டிக்கருக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் அவரிடமிருந்துதானே காசு வாங்குறோம்? அந்தக் காசை பிரேக்கில் போடுங்கள். லாரிக்குப் பின்னால் சடன் பிரேக் போடும்போது ஸ்டிக்கர் உதவாது.