புட்டியின் கழுத்தில் ஒரு பெயர்

பழைய இங்கிலாந்தில் திராட்சை இரசம் பரிமாறுவதற்கெனச் செய்யப்பட்ட வெள்ளிக் கலங்களைப் பற்றி எழுதுவோர், பெரும்பாலும் அவற்றின் பருமனையே வியந்து எழுதுகின்றனர். அவ்வியப்பு தவறான இடத்தைச் சேர்கிறது என்பது நமது கருத்து.

பருமனுக்கு ஜெர்னிங்கம் தொட்டி ஒன்றே போதும். ஹென்றி ஜெர்னிங்கம் என்பவரின் முயற்சியால், சார்லஸ் காண்ட்லர் என்னும் வெள்ளித் தட்டார் 1734-35இல் லண்டனில் உருவாக்கியது அது. இரசப் புட்டிகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வைப்பதற்கான தொட்டி. எடையோ ஏறத்தாழக் கால் டன். அடியில் சங்கிலியிட்ட சிறுத்தைகள். மேலே மதுத் தேவன் பாக்கஸின் களியாட்டம். ஆனால் வாங்குவாரில்லை. முடிவில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்குப் பணம் திரட்ட 1737இல் நடந்த பரிசுச்சீட்டில் அதனைப் பரிசாக வைத்தார்கள். பின்னர் அது ருஷ்ய அரண்மனைக்குப் போய், இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலைத்திறனில் நாம் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் விருந்தினரின் கண்கள் தொட்டியிலேயே நின்றுவிட்டால், பரிமாறப்படும் இரசத்தை நினைப்பவர் யார்?

அதே 1730களில்தான் லண்டன் பட்டறைகளில் வேறொரு பொருளும் பிறந்தது. அது இரண்டு அங்குல அகலமே உள்ள பெயர்த் தகடு. அக்காலத்துப் புட்டிகளில் காகிதச் சீட்டு கிடையாது. மேசைக்கு வரும் கண்ணாடிக் குடுவைகளுள் எதில் எது உள்ளது என்று அறிய, சிறு சங்கிலியில் வெள்ளித் தகட்டைக் கோத்துக் குடுவையின் கழுத்தில் மாட்டினர். இத்தகடுகளை முதலில் செய்தோருள் பெயர் பெற்றவர் சாண்டிலாண்ட்ஸ் டிரிங்க்வாட்டர். 'தண்ணீர் குடி' என்று பொருள்படும் குடும்பப் பெயரை உடையவர் மதுவுக்குப் பெயர் வெட்டிப் பிழைத்தார் என்பது வேடிக்கைதான்! தகடுகளில் 'போர்ட்' என்னும் பெயர் மிகுதியாகக் காணப்படுவதற்கும் காரணம் உண்டு. 1703ஆம் ஆண்டின் மெத்யூவன் உடன்படிக்கை, பிரெஞ்சு இரசத்திற்கான வரியில் மூன்றிலொரு பங்கைப் போர்ச்சுகல் இரசத்துக்குக் குறைத்திருந்தது.

நம் உள்ளத்தை மிகவும் கவர்பவை ஹெஸ்டர் பேட்மன் பட்டறையின் தகடுகளே. கணவர் இறந்தபின், 1761இல் லண்டன் பொற்கொல்லர் மன்றத்தில் தம் முத்திரையைப் பதிவு செய்த கைம்பெண் அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பர். அவர் பட்டறையிலிருந்து வந்த பிறை வடிவத் தகட்டைப் பாருங்கள்: ஓரத்தில் மணி கோத்தாற்போன்ற மெல்லிய வரிசை, நடுவில் எழுத்து; வேறொன்றுமில்லை. எழுத்துக்களிடையே விடப்பட்ட வெற்றிடமே அதற்கு அழகு. எழுத்தறியாத ஒருவரின் பெயரால் இயங்கிய பட்டறை, எழுத்துக்கு இத்துணை மரியாதை செய்தது.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி. அதற்குச் சான்றாக 1544 முதல் சிங்க முத்திரை இடப்பட்டு வந்தது. சிறு பொருள்கள் பலவற்றுக்கு முத்திரையிலிருந்து விலக்களித்த 1790ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகடுகளுக்கு அவ்விலக்கைத் தரவில்லை. ஆக, உலோகம் மெய்யென்பதற்கு அரசே சாட்சி. ஆனால் தகட்டில் உள்ள பெயர் குடுவைக்குள் இருப்பதற்குப் பொருந்துமா என்பதற்கு, அதனை மாட்டிய பணியாளரும் வீட்டுத் தலைவரும் தவிர வேறு சாட்சியில்லை. கானாவூர்ப் பந்தி மேற்பார்வையாளருக்குப் பெயர்த் தகடு தேவைப்படவில்லை, சுவைத்தே அறிந்தார். அந்த நாவு எல்லா விருந்தினருக்கும் வாய்த்திருக்காது. ஆகவே இத்தகடு விருந்தளிப்பவர் தரும் வாக்குறுதி. எளிமையான வடிவம் அதற்குப் பொருத்தம் என நாம் கூறுவது இதனால்தான்.

19ஆம் நூற்றாண்டில் அந்த எளிமை குன்றியது. பர்மிங்ஹாம் பட்டறைகள் அச்சில் அழுத்தித் திராட்சை இலைகளையும் குலைகளையும் வாரி இறைத்தன. தகடே ஓர் இலையாகிவிட்டது. பெயர் அதன் நரம்புகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கிறது. 1860இல் வந்த சட்டம், மளிகைக் கடைகளிலும் இரசத்தைப் புட்டியில் விற்க வழி திறந்தது. காகிதச் சீட்டு பரவியது. வெள்ளித் தகட்டின் வேலை மெல்லப் போயிற்று. பிற்காலத் தகடுகள் சிலவற்றில் இன்றும் இலைகளைக் கண்ணால் விலக்கித்தான் 'ஷெர்ரி' என்று படிக்க வேண்டியிருக்கிறது.