விடத் தெரிந்தவன்

வேளச்சேரி குருநானக் கல்லூரி மைதானத்தில் சென்ற ஞாயிறன்று எங்கள் வட்டாரத்துப் பதினாறு வயதுத் தொடக்க ஆட்டக்காரன், ஹெல்மெட்டில் பவுன்சர் பட்டபின்னும் மூன்று ஓவர் நின்று ஆடிவிட்டு, அம்பயரிடம் போய், "தலை வலிக்குது சார்" என்று சொல்லி வெளியேறியதைப் பயம் என்று தீர்ப்பளித்த ரசிக நண்பர்களுக்கு என் மறுப்பைப் பகிரங்கமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடுவதில் அவனுக்கு நிகரான பையன் இந்த லீக்கில் கிடையாது; அப்படிப்பட்டவன், அடிபட்ட அடுத்த ஓவரிலேயே, தூக்கத்திலும் விட்டிருக்கக்கூடிய ஒரு பந்தைத் தேடிப்போய் மட்டையை நீட்டியதை எத்தனை பேர் கவனித்தீர்கள்? தன் நிதானம் மங்கிவிட்டதை அவனே முதலில் உணர்ந்தான். பெவிலியன் படியில், சைட் ஸ்கிரீனின் வெண்மை கண்ணைக் கூச, நனைத்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

"உடனே வராத வலி என்ன வலி?" என்கிறார்கள். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்குமேயன்றி, உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை குலுங்குவதை முற்றிலும் தடுக்காது. நரம்பணுக்களின் ரசாயனச் சமநிலை குலைந்து, ஸ்கேனில் ஏதும் தென்படாதபோதும், தலைவலி சில நிமிஷங்களோ சில மணி நேரமோ கழித்து வெளிப்படுவதுண்டு. 2020 டிசம்பரில் கான்பெராவில் நம் ஆட்டக்காரர் ஹெல்மெட்டில் அடிபட்ட பின்னும் ஆடி முடித்து, இடைவேளையில் தலைசுற்றல் கண்டு விலக, மாற்றாக வந்தவர் ஆட்டத்தை வென்று கொடுத்தபோது, அதைத் தந்திரம் என்று தூற்றியவர்களும் இந்தத் தாமதத்தை அறியாதவர்களே.

வலியோடு ஆடி, முதல் அடி ஆறுமுன் மறு அடியும் வாங்கினால், இளம் மூளை வீங்கி உயிருக்கே அபாயம் நேரக்கூடும். அபூர்வமானாலும், நேர்ந்தால் மீட்பது கடினம். ஆகவே அன்றே திரும்ப ஆடலாகாது. ஓரிரு நாள் ஓய்வு, மெல்லிய நடை, பள்ளிப் பாடம், பிறகே வலைப்பயிற்சி என்று படிப்படியாக ஏறவேண்டும். வலி முற்றினாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, தூக்கக் கலக்கம் மிகுந்தாலோ தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பெரியவர்களைவிடச் சிறுவர்கள் தேற அதிக நாள் ஆகும். நான்கு வாரம்வரை பொறுப்பது வீணல்ல.

சர்வதேச ஆட்டங்களில் 2019 முதல் உள்ள, தலையில் அடிபட்டு விலகியவருக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி நம் பள்ளி ஆட்டங்கள் அனைத்துக்கும் வந்தே தீரும். எங்கள் பையனும் அடுத்த மாதம் திரும்புவான். வெளியே போகும் முதல் பந்தைத் தொடாமல் விடுவான். அதைப் பார்த்து, ஞாயிறன்று அவன் வெளியேறியதும் அதே விவேகந்தான் என்று உங்களுக்குப் புரியும்.