கடன் வாங்கிய வலி

டேவிட் கர்பி செத்துக்கொண்டிருக்கிறார். எய்ட்ஸ் உருக்கி எடுத்துவிட்ட முகம், எங்கோ நிலைகுத்திய கண்கள். அப்பா அவர் தலையை நெஞ்சோடு அணைத்திருக்கிறார். பக்கத்தில் தங்கையும் ஒரு சிறுமியும். 1990-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தெரீஸ் ஃப்ரேர் என்ற மாணவி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இது. லைஃப் இதழில் வந்தது, வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ விருது வாங்கியது. 1992-இல் அதே படம் வண்ணம் பூசப்பட்டு, கூடவே சின்னதாக ஒரு பச்சைப் பெட்டியுடன் திரும்பி வந்தது. பெட்டிக்குள் 'யுனைட்டட் கலர்ஸ் ஆஃப் பெனட்டன்' என்று எழுதியிருந்தது. ஸ்வெட்டர் விற்கிற இத்தாலியக் கம்பெனி.

விளம்பரத்தில் ஒரு ஸ்வெட்டர்கூட இல்லை. இதைச் செய்தவர் ஒலிவியேரோ டொஸ்கானி. 1982 முதல் 2000 வரை பெனட்டனின் விளம்பரங்கள் அவர் கையில் இருந்தன. எய்ட்ஸ் அமைப்புகள் கொதித்தன. பல இதழ்கள் படத்தை வெளியிட மறுத்தன. இன்றும் 'விளம்பரம் எங்கே எல்லை தாண்டுகிறது' என்று பேச்சு எடுத்தால் ஆளாளுக்கு முதலில் நீட்டுவது இந்தப் படத்தைத்தான்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. டொஸ்கானி எல்லை தாண்டினார்தான், ஆனால் இங்கே இல்லை.

கர்பியின் குடும்பத்திடம் கேட்டுத்தான் படம் பயன்படுத்தப்பட்டது. அவர்களுடைய கணக்கு தெளிவானது. லைஃப் இதழ் போய்ச் சேராத இடத்துக்கெல்லாம் பெனட்டன் தன் செலவில் மகனின் முகத்தைக் கொண்டுபோகும். பெனட்டன் தங்களைப் பயன்படுத்தவில்லை, தாங்கள்தான் பெனட்டனைப் பயன்படுத்தினோம் என்பதே அவர்கள் நிலைப்பாடு. எய்ட்ஸ் நோயாளியைத் தொடவே ஊர் பயந்த காலம் அது. ஒரு அப்பா மகனை அப்படி அணைத்திருப்பதை நடுரோட்டில் பெரிதாகக் காட்டியதில் அசிங்கம் என்ன இருக்கிறது? நமக்குச் சங்கடமாக இருக்கிறது, அவ்வளவுதான். சங்கடமும் ரசனைக்கேடும் ஒன்றல்ல.

ஜெர்மனியில் இந்த வித்தியாசம் நீதிமன்றம்வரை போனது. எண்ணெயில் தோய்ந்த பறவை, வேலை செய்யும் குழந்தைகள், உடம்பில் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று முத்திரை குத்தியதுபோல ஒரு படம். இந்த மூன்று பெனட்டன் விளம்பரங்களையும் 1995-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முறையற்றவை என்றது. 2000 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. உலகத்தின் துயரம் எட்டாத நிம்மதியான மனசோடு குடிமகன் இருக்க வேண்டும் என்பதற்காக அரசு பேச்சுரிமையில் கைவைக்க முடியாது என்பது அதன் வாதத்தின் சாரம். சரியான வாதம். ஆனால் தடை செய்யலாமா என்பது நீதிபதியின் கேள்வி. இது கேவலமா என்பது நம்முடைய கேள்வி. இரண்டாவதற்குச் சட்டத்தில் விடை கிடையாது.

என் விடை இது. படம் எவ்வளவு உலுக்குகிறது என்பது அளவுகோலே இல்லை. அந்த வலி யாருடையது, அவர்களைக் கேட்டார்களா, காட்டியவருக்கு அதில் என்ன நஷ்டம்? இந்த மூன்றையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் சறுக்கல் 2000-இல் தெரிகிறது. அமெரிக்கச் சிறைகளில் மரண தண்டனைக்குக் காத்திருந்த 26 பேரின் முகங்களை பெனட்டன் விளம்பரமாக்கியது. மரண தண்டனை கூடாது என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த முகங்களுக்குப் பின்னால் கொலையுண்டவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் அப்பா அம்மா இருந்தார்கள். விளம்பரம் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. சியர்ஸ் தன் கடைகளிலிருந்து பெனட்டன் துணிகளை எடுத்தது. மிசௌரி மாநிலம் வழக்குப் போட்டது. டொஸ்கானி கம்பெனியை விட்டுப் போனார். 2001-இல் கொலையுண்டவர்களின் குடும்பங்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி, பாதிக்கப்பட்டோர் நிதிக்கு 50,000 டாலர் கொடுத்து பெனட்டன் வழக்கை முடித்துக்கொண்டது. கர்பி விஷயத்தில் ஒரு அப்பா சம்மதித்தார். இங்கே பல அப்பாக்களை யாரும் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் அந்த எல்லை ஓடுகிறது.

மூன்றாவது கேள்விக்கான விடை எடுக்கப்படாத ஒரு விளம்பரத்தில் இருக்கிறது. 2013 ஏப்ரல் 24, டாக்காவுக்குப் பக்கத்தில் சவார். ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலானோர் தையல் தொழிலாளர்கள். தங்களுக்குத் தொடர்பில்லை என்றுதான் பெனட்டன் முதலில் சொன்னது. இடிபாடுகளில் அதன் துணிகள் கிடைத்த பிறகு, அங்கே ஒருமுறை ஆர்டர் கொடுத்ததாக ஒப்புக்கொண்டது. இழப்பீட்டு நிதிக்கு அது 11 லட்சம் டாலர் கொடுப்பதற்குள் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அந்த இடிபாட்டில் வங்கதேசப் புகைப்படக்காரர் தஸ்லிமா அக்தர் எடுத்த படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பிடித்தபடி இறந்து கிடக்கிறார்கள். அவர் கண்ணிலிருந்து ரத்தம் கண்ணீர்போல வழிந்திருக்கிறது. கர்பி படத்துக்கு எந்த விதத்திலும் குறையாத படம். டொஸ்கானி பாணி விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. அதன்மேல் பச்சைப் பெட்டி ஏறவில்லை. ஏறியிருந்தால் அதைத் துணிச்சல் என்று சொல்லியிருப்பேன். காரணம், அப்போது வலிக்கான பில் கம்பெனியின் வாசலுக்கே வந்திருக்கும்.

கடைசிக் காட்சி 2020. டொஸ்கானி 2017-இல் பெனட்டனுக்குத் திரும்பியிருந்தார். 2018-இல் ஜெனோவா நகரில் மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். பாலத்தைப் பராமரித்த நெடுஞ்சாலைக் கம்பெனியில் பெரும் பங்கு பெனட்டன் குடும்பத்தின் கையில் இருந்தது. ஒரு வானொலிப் பேச்சில், பாலம் இடிந்தால் யாருக்கென்ன என்ற தொனியில் டொஸ்கானி சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்டார், ஆனாலும் கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. அதிர்ச்சியையே தொழிலாக வைத்திருந்தவர் வாயைத் திறந்து ஒரு வாக்கியம்தான் சொன்னார். இந்த முறை சாவு முதலாளி வீட்டுக் கணக்கில் இருந்தது.

டொஸ்கானி 2025 ஜனவரியில் இறந்தார். அவர் கண்டுபிடித்த வித்தை இன்று எல்லா பிராண்டுக்கும் பாடமாகிவிட்டது. மகளிர் தினத்துக்கு ஒரு கண்ணீர், தீபாவளிக்கு ஒரு ஏழைக் குழந்தை. நாம் திட்டினாலும் பாராட்டினாலும் ரீச் எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றாகத்தான் ஏறும். அதனால் அடுத்த முறை ஒரு விளம்பரம் உங்களை உலுக்கினால் உடனே கோபப்படவோ ஷேர் பண்ணவோ வேண்டாம். அந்தக் கம்பெனியின் சொந்தத் தொழிற்சாலை வாசலை அது என்றைக்காவது இப்படிப் படமெடுத்துக் காட்டியிருக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள்.