முழு மனிதரின் சதவீதம்

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் மீது நாடாளுமன்றங்களில் நடக்கும் சண்டையை நம் தோழர்கள் வழக்கமாக ஒரே கதையாகத்தான் வாசிக்கிறார்கள்: துரோகம். தொழிலாளர் பெயரால் ஓட்டு வாங்கிய கட்சி நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலாளியின் கணக்குப்பிள்ளையாகிவிடுகிறது என்பது அந்தக் கதை. அது பொய்யில்லை. ஆனால் ‘துரோகம்’ என்று சொன்ன மாத்திரத்தில் நமக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக ஒரு திருப்தி வந்துவிடுகிறது; அந்தத் திருப்தியைத்தான் நான் சந்தேகிக்கிறேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தை முன்வைத்து இதைப் பேசலாம். அங்கே 2001, 2012, 2025 என்று மூன்று முறை இந்தச் சண்டை நடந்திருக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஆட்கள் இடம் மாறுவதும் சொல்லாடல் மாறாமல் நிற்பதும் தெரிகிறது.

2001 ஜூன் 19. சிட்னி மெக்குவாரி தெருவில் உள்ள மாநில நாடாளுமன்றத்தைத் தொழிற்சங்கங்கள் மறித்தன. ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. மாநில முதல்வர் பாப் கார், மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் ஜான் டெல்லா போஸ்கா. மறியலுக்குத் தலைமை ஏற்றது அதே கட்சியோடு ஒட்டிப் பிறந்த லேபர் கவுன்சில். அதன் செயலாளர் ஜான் ராபர்ட்சன். போலீஸ் வழி ஏற்படுத்திக் கொடுக்க, தொழிற்கட்சி உறுப்பினர்கள் தங்கள் சங்கத்தின் மறியல் வரிசையைத் தாண்டி உள்ளே போனார்கள். கட்சி நம்மளுது, சங்கமும் நம்மளுது, அப்ப நடுவில் நிற்கிற போலீஸ் யாரோடது? அன்றைக்கு இதுதான் கேள்வி.

2012இல் ஆட்சி லிபரல் கட்சியின் பாரி ஓ'ஃபாரல் கையில். எதிர்க்கட்சித் தலைவராக மசோதாவை எதிர்த்தவர் அதே ராபர்ட்சன். 2025இல் மறுபடியும் தொழிற்கட்சி ஆட்சி. மாநில முதல்வர் கிறிஸ் மின்ஸ். மனநலக் காயங்களுக்கான நஷ்டஈட்டைக் குறுக்கும் மசோதாவை முன்னின்று நடத்தியவர் நிதி அமைச்சர் டேனியல் முக்கி. தொழிற்சங்கத்தில் வேலை பார்த்தவர். 2020இல் எதிர்க்கட்சியின் மேலவை உறுப்பினராக, காயம்பட்டவர்களுக்குக் குறைத்துக் கொடுத்த ஐகேர் காப்பீட்டு நிறுவனத்தைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டவரும் அவரே. இந்த மசோதாவை எதிர்த்து நின்றவை தொழிற்சங்கங்களும் பசுமைக் கட்சியும். மேலவை அதை விசாரணைக் குழுவுக்கு அனுப்பியது.

இதைத் தனிமனிதக் குணக்கேடு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரே ஆள் இரண்டு பக்கத்திலும் நின்று சரளமாகப் பேச முடிகிறதென்றால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு மொழி இருக்கிறது என்றுதான் அர்த்தம். விமர்சனம் கைவைக்க வேண்டியது அந்த மொழியில்.

அந்த மொழியின் முதல் சொல் ‘பற்றாக்குறை’. 2012இல் திட்டத்தின் பற்றாக்குறை 400 கோடி டாலருக்கும் மேல் என்று அறிவித்தார்கள். ஏப்ரலில் பிரச்சினைக் குறிப்பு, ஜூனில் சட்டம். கேட்பவனுக்கு, பெட்டியில் இருந்த பணம் காணாமல் போய்விட்டது போலத் தோன்றும். அப்படியில்லை. இன்றைக்கு இருக்கும் சொத்தும், இனி வரப்போகும் பல பத்தாண்டுகளில் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மதிப்பிடப்பட்ட தொகையும் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. வட்டி விகிதம் பற்றிய ஓர் அனுமானம் மாறினால் அந்த இடைவெளியும் மாறும். அடுத்த ஆண்டே திட்டம் உபரிக்குத் திரும்பியது. பலன்களை வெட்டியதும் ஒரு காரணம், முதலீட்டு வருமானம் இன்னொரு காரணம். அனுமானம் திரும்பிப் போய்விட்டது. வெட்டப்பட்ட பலன்கள் பெரும்பாலும் வெட்டப்பட்டபடியே நின்றன. வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்துக்கு இருந்த பாதுகாப்பு பெரும்பாலோருக்குப் போயிற்று. வாரத் தொகைக்கு ஐந்தாண்டு எல்லை வந்தது.

இரண்டாவது சொல் இன்னும் ஆழமானது: ‘முழு மனிதக் குறைபாடு’. 2001 திருத்தங்களோடு நஷ்டஈட்டின் அடிப்படை அளவுகோலாக இது நிலைபெற்றது. ஒரு முழு மனிதரை நூறு என்று வைத்துக்கொண்டு, வேலை அதில் எத்தனை சதவீதத்தைத் தின்றது என்று மருத்துவர் எண் போடுகிறார். 15 சதவீதம் இருந்தால்தான் முதலாளியின் கவனக்குறைவுக்காக வழக்குப் போடலாம். 2012க்குப் பிறகு, உடல் ஊனத்துக்கான மொத்தத் தொகை வாங்க 10க்கு மேல் இருக்க வேண்டும். 2010இல் காயம்பட்ட ஒரு கட்டுமானத் தொழிலாளிக்குக் கிடைத்த எண் 6. காயம் பழையது, விதி புதியது. ஆனாலும் புதிய விதியே பொருந்தும் என்று 2014இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனத்துக்கு எப்படி எண் போடுவது? ஆறு தலைப்புகள்: தன்னைப் பராமரித்துக்கொள்ளுதல், சமூக - பொழுதுபோக்குச் செயல்கள், பயணம், உறவுகள், கவனம், வேலைத்திறன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை தரம். ஆறு எண்களையும் ஏறுவரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்கும் இரண்டின் சராசரியை எடுக்கிறார்கள். மொத்தக் கூட்டலையும் சேர்த்து அட்டவணையில் பார்த்தால் சதவீதம் வந்துவிடும். மூன்றாம் தரம் 11 முதல் 30 வரை. நான்காம் தரம் 31இல் தொடங்குகிறது.

2025 மசோதா மனநலக் காயத்துக்கான வாசலை 15இலிருந்து 31க்கு உயர்த்தக் கேட்டது. 31 என்பது ஏதோ பேரம் பேசி வந்த எண் போலத் தெரியும். இல்லை. மூன்றாம் தரத்தை முழுசாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும் எண் அது. நான்காம் தரம் என்றால் என்ன? மேற்பார்வையுள்ள விடுதியில்தான் இருக்க முடியும்; நம்பிக்கையானவர் கூட வந்தாலும் வீட்டு வாசலைத் தாண்டுவது பெரும் அவஸ்தை; நெடுநாள் உறவு முறிந்துபோயிருக்கும். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 2, 2, 3, 3, 4, 5 என்று தரம் விழுகிறது. அந்த 5 வேலைத்திறனுக்கு, அதாவது எந்த வேலையும் செய்ய முடியாது. நடுவில் நிற்பவை 3, 3. ஆகவே அவர் மூன்றாம் தரம். 31ஐ எட்ட மாட்டார். வேலையால் வந்த காயம், வேலையே செய்ய முடியாத ஆள், ஆனால் வேலைக்கான நஷ்டஈட்டுச் சட்டத்துக்கு அவர் போதுமான அளவு உடையவில்லை! குளிக்கிறார், பக்கத்துக் கடைக்குப் போகிறார், மனைவி இன்னும் விட்டுப் போகவில்லை. இவையெல்லாம் அவருக்கு எதிரான சாட்சியங்கள்.

ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இந்த இடம் புதிதல்ல. பரிசோதனை என்பது உண்மையைக் கண்டுபிடிப்பதோடு நிற்பதில்லை, பரிசோதிக்கப்படுகிறவனை உருவாக்கவும் செய்கிறது. தேறுவதற்கான ஒவ்வொரு சிறு முயற்சியும் சதவீதத்தைக் குறைக்கும் என்றால், அந்த மனிதர் தன் சிதைவைப் பத்திரமாகக் காத்துவைக்க வேண்டியிருக்கிறது. பிறகு அதே அதிகாரம் ‘நடிக்கிறான்’ என்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. எண்ணே வேண்டாம் என்றால் மிஞ்சுவது நீதிபதியின் தயவோ முதலாளியின் இரக்கமோதான். 1897இன் பிரிட்டிஷ் சட்டம் கொண்டுவந்த ஏற்பாட்டில் தவறு யாருடையது என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை; பதிலுக்கு நிர்ணயிக்கப்பட்ட தொகையோடு திருப்திப்பட வேண்டும். நியூ சவுத் வேல்ஸின் 1910 சட்டமும், இந்தியாவின் 1923 சட்டமும் அந்த வம்சம்தான். 1923 சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரலுக்கு என்று ஒரு சதவீதம் இருந்தது. ‘விரலுக்கு எவ்வளவு?’ என்று கேட்க முடிந்ததே ஒரு காலத்தில் வெற்றி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அட்டவணை கொடுப்பதற்கான கணக்காகத் தொடங்கியது. இன்றைய சதவீதம் மறுப்பதற்கான வாசலாக வேலை செய்கிறது. இரண்டும் ஒரே எண்ணைப் போலத் தெரிவதுதான் ஏமாற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012இல் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து நாடாளுமன்றத்தின் முன் வந்து நின்றார்கள். அவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. போலீசாருக்கும் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்களுக்கும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கும் விலக்கு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவமனை துப்புரவாளரும் பள்ளி ஆசிரியரும் வெட்டுக்குள்ளேயே விடப்பட்டார்கள். வீரத்துக்கு ஒரு சட்டம், சாதாரண உழைப்புக்கு ஒரு சட்டம். 2025இல் மனநலக் காயம் குறிவைக்கப்பட்டதும் இதன் தொடர்ச்சியே. மொத்தக் கோரிக்கைகளில் 12 சதவீதம், செலவில் 38 சதவீதம் என்று அரசு சொன்னது. காயம் அதிகமாகிறதென்றால் வேலையிடம் ஆட்களை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்பதுதானே முறை? கேட்கப்பட்டதோ, ஆட்கள் ஏன் இவ்வளவு செலவு வைக்கிறார்கள் என்று.

மசோதாக்கள் கடைசியில் எந்த எண்ணில் போய் நிற்கின்றன என்பது காயம்பட்டவருக்கு வாழ்வா சாவா பிரச்சினை. அதில் சங்கங்கள் கடைசிப் புள்ளிவரை பேரம் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் எழுதுகிறவர்களும் இயக்கத்துக்காரர்களும் 15ஆ 31ஆ என்ற கேள்விக்குள்ளேயே குடியிருந்துவிடக் கூடாது. மனிதரை நூறாக வைத்து அளக்கும் அரசு, முதலாளியின் வேலையிடத்தை எந்த நூறில் வைத்து அளக்கிறது? ஒரு அலுவலகம், ஒரு மருத்துவமனை வார்டு, ஒரு ஆலை எத்தனை சதவீதம் சிதைந்தால் அதன் வாசல் மூடப்படும்? அதற்கு ஆறு தலைப்பும் ஐந்து தரமும் யார் எழுதுவது?