ஏழையின் ரூபாய்: ஜே.சி. குமரப்பாவின் நோக்கில் போட்டிச் சந்தையும் அரசின் கொள்கையும்

முன்னுரை

மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியிலுள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா (1892-1960). தஞ்சாவூரில் பிறந்து, இலண்டனில் கணக்காயர் பயிற்சியும் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொதுநிதிக் கல்வியும் பெற்ற இவரை எந்திரத்தை வெறுத்த கிராமவாதியாகக் காண்பது வழக்கம். அப்பார்வை அவருடைய பொதுநிதி வாதத்தை மறைத்துவிடுகிறது. ‘ஒய் த வில்லேஜ் மூவ்மெண்ட்?’ (1936) என்னும் நூலை மையமாகக் கொண்டு, அவரது நலக் கணக்கின் வலிமையையும் குறையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பாடநூற் கணக்கும் குமரப்பாவின் மறுப்பும்

போட்டிச் சந்தையில் நுகர்வோர் உபரியும் உற்பத்தியாளர் உபரியும் சேர்ந்த தொகை, சமநிலை விலையில் உச்சத்தை எட்டும் என்பது பாடநூற் கோட்பாடு. வரி, மானியம், விலை வரம்பு ஆகியவற்றால் அத்தொகை குறையுமாயின் அக்குறைவு நல இழப்பு எனப்படும். இக்கணக்கில் இரண்டு எடுகோள்கள் அடங்கியுள்ளன. அரசு தலையிடாத தொடக்க நிலை ஒன்று உண்டு என்பது முதலாவது. எவர் கையிலிருப்பினும் ரூபாய் ஒரே மதிப்புடையது என்பது இரண்டாவது.

குமரப்பா இரண்டையும் ஏற்கவில்லை. ஆலைப் பொருளின் மலிவு ஆலையின் திறனால் மட்டும் விளைந்ததன்று என்பது அவர் வாதம். இருப்புப்பாதை, ஆராய்ச்சி, படைவலியால் காக்கப்படும் சந்தை ஆகியவற்றின் செலவைப் பொதுமக்கள் வரியாகச் செலுத்துகின்றனர். அச்செலவு பொருளின் விலையில் இடம்பெறுவதில்லை. ஆகவே ஆலையும் கைத்தொழிலும் சமதளத்தில் போட்டியிடுகின்றன எனல் பொருந்தாது. அவ்வாறே, ஏழையின் ரூபாய் உணவையும் செல்வரின் ரூபாய் சிறு இன்பத்தையும் குறிப்பதால் இரண்டும் ஒரே மதிப்புடையன ஆகா. இரண்டாம் மறுப்பு அவருக்கே உரியதன்று. பிகூவின் ‘எகனாமிக்ஸ் ஆஃப் வெல்ஃபேர்’ (1920) நூலிலும் இதையொத்த கருத்து உண்டு. முதல் மறுப்பிலேயே குமரப்பாவின் தனித்தன்மை வெளிப்படுகிறது.

அளவுகோலின் மறுபக்கம்

கைத்தொழிலைக் காக்கும் கொள்கைகளையும் இதே அளவுகோலால் அளக்கவேண்டும். 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத் துணிமீது கூடுதல் உற்பத்தி வரி விதித்து, கதர், கைத்தறி வளர்ச்சிக்கு நிதி திரட்டியது. நூற்போருக்கும் நெய்வோருக்கும் இது துணையாயிற்று. ஆனால் மலிவான ஆலைத் துணியை வாங்கும் நிலமற்ற கூலியாளும் ஏழையே. வரியால் துணியின் விலை உயருமளவுக்கு அவர் இழப்பது உணவுக்குரிய ரூபாயையே. வாங்குவோரும் ஆக்குவோரும் ஒரே கிராமப் பொருளாதாரத்தில் ஒருவரையொருவர் வாழ்விப்பர் என்பது குமரப்பாவின் நிலைப்பாடு. கைத்தொழில் வருவாயில் பங்குபெறாத குடும்பத்திற்கு அது விடையாகாது.

தமிழ்நாட்டில் 1983இல் தொடங்கப்பட்ட இலவச வேட்டி, சேலைத் திட்டம் வேறு வழியைக் காட்டுகிறது. அரசு துணியைக் கொள்முதல் செய்து ஏழைகளுக்கு வழங்குவதால் நெசவாளருக்கு வேலை கிடைக்கிறது. துணி பெறுபவர்மீது தனிச் சுமை விழுவதில்லை. எனினும் மாநில வருவாயில் விற்பனை மீதான வரிகள் பெரும்பங்கு வகிப்பதால், ஏழையின் ரூபாய் அங்கும் முழுமையாகத் தப்புவதில்லை.

முடிவுரை

ஒரு கொள்கையின் நலவிளைவை ஆராய்வோர், சந்தை விலையில் முன்பே கலந்துள்ள அரசுச் செலவை முதலில் கணக்கிடவேண்டும். அடுத்து, புதிய சுமை எவர் ரூபாயில் விழுகிறது எனக் காணவேண்டும். முதற்பணியைக் குமரப்பா தெளிவாகச் செய்தார். இரண்டாவதை உற்பத்தியாளர் பக்கம் செலுத்திய அளவிற்கு ஏழை நுகர்வோர் பக்கம் அவர் செலுத்தவில்லை. கைத்தறி மானியம் பற்றிய இன்றைய விவாதங்களிலும் இவ்விடைவெளி நிரப்பப்படவேண்டியுள்ளது.