ஆற்றில் விட்ட கிதாபுகள்

விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்த கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள், பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்பதையே வாழ்நாட் பணியாக்கிக் கொண்டவர். நாடக நோட்டீசையும் திருமண அழைப்பிதழையுங்கூட அவர் கழித்துவிடவில்லை. 1992இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிற்று. வாங்கியும் கடல் கடத்தவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிறுவப்பட்டது. பாராட்டுக்குரிய செயல்.

ஆயினும், இத்தகைய தொகுப்புகளில் நம்மவர் நூல்களைத் தேடப் புகும் மாணவர்க்கு ஓர் இடர் உண்டு. அரபுத்தமிழ் நூலை எந்த அலமாரியில் வைப்பது? மொழி தமிழ், எழுத்து அரபி. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அவ்வெழுத்துக்களோடு புள்ளியும் குறியும் கூட்டி எழுதினர் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் நூல்கள் சில இவ்வகையின. தமிழ் மட்டும் கற்ற பட்டியலாளர் அதனை அரபி என்று ஒதுக்குவார். அரபி மட்டும் கற்றவரோ முதல் வரியிலேயே பொருள் விளங்காமல் மூடிவிடுவார். ஆகவே பட்டியலில் மொழிக்கு ஓரிடமும் எழுத்துக்கு ஓரிடமும் தனித்தனியே வேண்டும். இரண்டும் கற்றவர் ஒருவரேனும் அங்கு அமர வேண்டும்.

குறையை நூலகத்தார் தலையில் மட்டும் ஏற்றுவது நீதியன்று. அரபி எழுத்துள்ள தாள் காலில் படலாகாதென்று புதைப்பதும் நீரில் விடுவதும் நம் வழக்கம். கிழிந்த முஸ்ஹபுக்குச் செய்யும் அம்மரியாதையை அரபுத்தமிழ்க் கிதாபுக்கும் செய்துவிடுகிறோம். என் நன்னி வஃபாத்தான மறுமாதம், அவர் ஓதிவந்த கிதாபுகளைச் சாக்கிற் கட்டி, இங்கே பழனியருகில் சண்முக நதியில் விட்டோம். சாக்கைச் சுமந்தவன் நான். அப்போது மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். வாசிக்கத் தெரிந்திருந்தும் ஒரு நூலின் பெயரைக்கூடக் குறித்து வைக்கவில்லை.

செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டி 1842இல் சீறாப்புராணத்தை அச்சேற்றினார்கள். அன்று அச்சுவடிகளை வைத்திருந்த வீட்டார் என்னைப்போல் ஆற்றுக்குப் போயிருந்தால்?

பரண்மேற் பெட்டியில் பழைய கிதாபு கிடைத்தால், முகப்புத்தாள் கிழிந்திருந்தாலும் இறுதிப் பக்கத்தைப் பாருங்கள். அச்சுக்கூடத்தின் பெயர், ஹிஜ்ரி ஆண்டு, செலவேற்ற செல்வரின் பெயர் அங்கே இருக்கக்கூடும். புதைக்குமுன், அரபியும் தமிழும் அறிந்த ஒருவரிடம் அதனை ஒருமுறை காட்டுங்கள்.